பாலத்தைத் தாண்டி நேராக

ஆகஸ்டு பிறந்துவிட்டால் மலாக்கா ஆற்றங்கரையில் இத்தாலிய மொழி காதில் விழும். இத்தாலியில் ஆகஸ்டு 15 பெருவிடுமுறை. அதை ஒட்டிக் கடைகளும் தொழிற்சாலைகளும் கதவை அடைத்துக்கொள்ள, மக்கள் குடும்பம் குடும்பமாகப் பயணம் கிளம்பிவிடுவார்கள். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே எங்கள் ஊரில் ஓரிரு இரவு தங்குகிறவர்கள் அவர்களில் உண்டு. சுற்றுலா வழிகாட்டியான எனக்கு ஆண்டிலேயே கால் அதிகம் வலிக்கிற மாதம் அது. மனம் நிறைகிற மாதமும் அதுதான்.

அமைச்சு தரும் உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிமத்துக்குப் படிக்கும்போது, ஊர் கைமாறிய ஆண்டுகளை 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஆங்கிலேயர் என்று நெட்டுருப் போட்டோம். ஆனால் வெயிலில் வந்து நிற்கிற மனிதர் முதலில் ஆண்டைக் கேட்பதில்லை. கழிவறை எங்கே, பேருந்து எங்கே நிற்கும், தேவாலயம் எந்தப் பக்கம், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். இவற்றுக்கு அவர் மொழியிலேயே இரண்டு வாக்கியத்தில் விடை சொல்லிவிட்டால், பிறகு சொல்லும் வரலாற்றையும் காது கொடுத்துக் கேட்பார். அதனால்தான் இத்தாலிய மொழியில் நான் முதலில் பாடம் செய்தது வழி கேட்பதையும் வழி சொல்வதையும்.

வழி சொல்லும் பழக்கம் எனக்குத் தோட்டத்திலேயே வந்துவிட்டது. நான் பிறந்தது ஜாசின் பக்கம், ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அங்கே தெருப் பெயரும் கிடையாது, வீட்டு எண்ணை யாரும் பார்ப்பதும் கிடையாது. பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில், பால் ஸ்டோர், கிராணி வீடு, மேட்டு லயம், பள்ளத்து லயம், எட்டாம் நம்பர் தீம்பார் என்று ஒவ்வொன்றும் ஒரு திசைகாட்டி. வெளியூர் போனால் கட்டைக் கணக்கு. நாடு கிலோமீட்டருக்கு மாறி, மைல் கற்கள் மறைந்த பிறகும் எங்கள் பெரியவர்கள் ‘அஞ்சாங்கட்டை’, ‘எட்டாங்கட்டை’ என்றே இடம் சொன்னார்கள். தோட்டத்துக்குள் வழிதவறி நிற்கும் லாரிக்காரரிடம் என் அப்பா, “எங்க போகணும் அண்ணே?” என்று உடனே கேட்க மாட்டார். “வர்ற வழியில என்னென்ன பார்த்தீங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கோயிலைப் பார்த்தேன், தண்ணித் தொட்டியைப் பார்க்கவில்லை என்று லாரிக்காரர் சொன்னதும், எந்தச் சிம்பாங்கில், அதாவது சந்தியில், மாறிப் போனார் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தச் சிம்பாங்கிலிருந்து வழி சொல்லத் தொடங்குவார். இன்று வரை என் தொழிலுக்கு அதுவே அடிப்படை.

இத்தாலிய மொழியைக் கோலாலம்பூரில் ஓர் ஆசிரியையிடம் வார இறுதிகளில் கற்றேன். தமிழ் வாய்க்கு அந்த மொழி இணக்கமானது. அவர்களுடைய த, ஆங்கிலேயரின் டகரம்போல் அண்ணத்தைத் தொடாது, நம் தகரம்போல் பல்லைத் தொடும். எங்கே என்று கேட்பதற்கு ‘தோவே’. கழிவறைக்குப் ‘பாஞ்ஞோ’. இந்த ஞகரத்தைச் சொல்ல உடன் படித்த மற்றவர்கள் திணறினார்கள். ஞாயிறு, ஞானம் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அது பழகிய ஒலி. ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் பொருள் மாறுவதும் நமக்குப் புதிதல்ல. பாடு, பாட்டு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா என்பதையும் தடுமாறாமல் சொல்லிவிடுவார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்நிய மொழி என்றதும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களுடைய நாக்கில் ஏற்கெனவே பாதி வேலை முடிந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்ல யாராவது வேண்டும்.

மரியாதையும் அப்படித்தான். அறிமுகமில்லாத பெரியவரை நிறுத்திப் பேச ‘ஸ்கூசி’ என்போம். வயதொத்த இளைஞரிடம் அதுவே ‘ஸ்கூசா’ ஆகிவிடும். போங்க என்பதற்கு ‘வாதா’, போ என்பதற்கு ‘வாய்’. திரும்புங்க என்பதற்கு ‘ஜீரி’, திரும்பு என்பதற்கு ‘ஜீரா’. வாங்க, போங்க என்று பேசிப் பழகிய நமக்கு, யாரிடம் எதைச் சொல்வது என்பதை விளக்கத் தேவையே இல்லை.

கேள்வி கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் தெரிந்த ஓர் இடத்தைத் தேடினால் ‘தோவே’ போட்டுக் கேட்பார்கள். எந்தக் கடையானாலும் சரி, பக்கத்தில் ஒன்று இருந்தால் போதும் என்றால் ‘சே... குயி விச்சீனோ’ என்று கேட்பார்கள். ‘இங்கே பக்கத்தில் இருக்கிறதா?’ என்று பொருள். வழிகாட்டி இந்த வேற்றுமையைக் காதில் வாங்க வேண்டும். மருந்துக்கடை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பவருக்கு, பேர்போன மருந்துக்கடை நகரின் மறுமுனையில் இருப்பதைச் சொல்வது உதவி ஆகாது. நேராக என்பதற்கு ‘த்ரித்தோ’, வலப்பக்கம் ‘அ தெஸ்த்ரா’, இடப்பக்கம் ‘அ சினிஸ்த்ரா’, பின்னால் ‘தியேத்ரோ’, எதிரே ‘தி ஃபிரோந்தே’. இவ்வளவுதான் மூலதனம். சொற்றொடர்ப் புத்தகம் வைத்திருப்பவர் கேள்வியை அழகாகக் கேட்டுவிடுவார். வருகிற விடையைப் பிடித்துக்கொள்வதுதான் கடினம். ஆகவே விடையில் இரண்டு திருப்பத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. மூன்றாவது திருப்பத்தை அங்கே போய் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மலாக்காவின் பழைய நகரம் இதற்கு ஒத்துழைக்கும். மெலாகா சென்ட்ரல் பேருந்து நிலையத்தில் இறங்குபவர் 17ஆம் எண் பேருந்தில் ஏறினால் சிவப்புக் கட்டடச் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். பதினேழுக்கு ‘திச்சாஸ்ஸெத்தே’. 1753இல் கட்டிய கிறிஸ்து ஆலயமும், பழைய டச்சு நகர மண்டபமான ஸ்டாட்ஹைஸும், 1886இன் மணிக்கூண்டும் அங்கேதான். சதுக்கம் என்றால் இத்தாலியருக்கு உயிர். எந்த ஊருக்குப் போனாலும் ‘பியாத்சா’ எங்கே என்று தேடி, அங்கிருந்துதான் ஊரை அளப்பார்கள். அதனால் நான் எல்லா வழியையும் மணிக்கூண்டிலிருந்தே தொடங்குவேன். பாலத்தைத் தாண்டி நேராகப் போனால் ஜோங்கர் தெரு. அதற்கு இடப்பக்கம் இணையாக ஓடுவது ஹீரன் தெரு. வலப்பக்கம் இணையாக ஓடுவது கோயில்கள் இருக்கிற தெரு. பலகையில் ஜாலான் ஹங் ஜெபாட், ஜாலான் துன் தான் செங் லொக் என்று எழுதியிருக்கும். பயணியின் கையில் இருக்கும் புத்தகம் ஜோங்கர், ஹீரன் என்று சொல்லும். இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் பலகைக்குக் கீழே நின்றுகொண்டே தெருவைத் தேடுவார்.

வலப்பக்கத் தெருவில் இத்தாலியர் வாயில் அடிக்கடி வரும் ‘செம்ப்ரே த்ரித்தோ’ உண்மையாகவே பலிக்கும். நேராகப் போய்க்கொண்டே இருங்கள் என்று பொருள். தெரு ஒன்றுதான், பெயர் மூன்று. ஜாலான் துக்காங் பெசி, ஜாலான் துக்காங் எமாஸ், ஜாலான் தோக்கோங். கொல்லர் தெருவாகத் தொடங்கித் தட்டார் தெருவாகிக் கோயில் தெருவாக முடிகிறது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் முதலில் வரும். அடுத்து 1748ஐச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதையும் தாண்டினால் பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். விநாயகர் கோயில் வாசலில் நிற்கும்போது, இது மலாக்காச் செட்டிகளின் கோயில் என்றும், அவர்களுடைய குடியிருப்பு காஜா பெராங்கில் இன்னும் இருக்கிறது என்றும் சொல்வேன். தமிழர் இந்த ஊருக்கு ரப்பரோடு வந்தவர்கள் மட்டும் அல்லர். ரப்பர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே வணிகர்களாக வந்து வேர்விட்டவர்கள். இதைச் சொல்லாமல் நான் யாரையும் அந்தத் தெருவைக் கடக்க விட்டதில்லை.

நண்பகலில் வழி சொல்லும்போது வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ‘சிங்குவே மினூத்தி அ பியேதி’, ஐந்து நிமிட நடை, என்று உரோமில் சொல்வதும் மலாக்காவில் பகல் ஒரு மணிக்குச் சொல்வதும் ஒன்றல்ல. கடைகளுக்கு முன்னால் கூரை வேய்ந்து ஓடும் நடைபாதையை நாம் அஞ்சடி என்போம், மலாய்க்காரர் காக்கி லீமா என்பார்கள். அதன் கீழேயே நடங்கள் என்பதற்கு ‘சோத்தோ இ போர்த்திச்சி’ என்றால் இத்தாலியர் முகத்தில் வெளிச்சம் வரும். போலோஞ்ஞா நகரமே அப்படிப்பட்ட நிழல் நடைபாதைகளுக்குப் பேர்போனது. 2021இல் அவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் ஏறிய அதே பட்டியல். அந்தப் போலோஞ்ஞாக்காரர் என்று அறியப்பட்ட லுதோவிகோ தி வார்த்தேமா, போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே மலாக்காவைப் பற்றி எழுதியவர். அவருடைய பயண நூல் 1510இல் உரோமில் அச்சானது. இதைச் சொன்னதும், எங்கோ தொலைவில் இருந்த ஊர் அவர்களுக்குச் சொந்தக்கார ஊராகிவிடும். ஆனால் அஞ்சடி எல்லா இடத்திலும் திறந்திருக்காது. வீட்டுக்காரர் சுவர் எழுப்பியிருப்பார், கடைக்காரர் சரக்கை அடுக்கியிருப்பார். அங்கே சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குவதற்கு முன் நான் தவறாமல் சொல்வது ‘குவார்தி அ தெஸ்த்ரா’. வலப்பக்கம் பாருங்கள். அவர்கள் நாட்டில் வண்டி வலப்பக்கம் ஓடும், இங்கே இடப்பக்கம். பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்துக் காலை வைப்பார்கள். வண்டி வலப்பக்கமிருந்து வரும். இந்த ஓர் எச்சரிக்கையை மறக்கிற வழிகாட்டிக்கு வேறு எது தெரிந்தும் பயன் இல்லை.

செயின்ட் பால் குன்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. ‘செயின்ட் பிரான்சிஸ் சேவியர் சிலை எங்கே’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் பல இத்தாலியருக்கு ஆள் யாரென்று பிடிபடாது. வெறும் ‘சான் ஃபிராஞ்செஸ்கோ’ என்றால் அசிசி நகரத்து ஞானியை நினைத்துக்கொள்வார்கள். ‘ஃபிராஞ்செஸ்கோ சவேரியோ’ என்று சொன்னால்தான் புரியும். நம் தமிழ்க் கத்தோலிக்கர் சவேரியார் என்று அழைப்பதற்கும் அதற்கும் எவ்வளவு நெருக்கம்! முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே 1540களில் உழைத்து, தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தவர் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1552 டிசம்பரில் சீனக் கரைத் தீவொன்றில் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய உடல் மலாக்காவுக்கு வந்து, குன்றின் மேல் உள்ள ஆலயத்தில் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குப் போனது. இன்று கூரையில்லாமல் நிற்கும் அந்த ஆலயம் 1521இல் போர்த்துகீசியர் எழுப்பியது. அதன் முன்னே 1952இல் நிறுத்திய வெண்சிலைக்கு வலக்கை இல்லை. சவுக்கு மரம் ஒன்று விழுந்து முறித்தது என்று ஊரில் சொல்வோம். சிலையைப் பார்த்ததும் இத்தாலியர் கேட்கிற கேள்வி, “தோவே இல் பிராச்சோ?” கை எங்கே?

அந்தக் கேள்விக்கு விடை அவர்கள் ஊரில் இருக்கிறது. சவேரியாரின் உண்மையான வலது முன்கை 1614இல் உடலிலிருந்து எடுக்கப்பட்டு உரோமுக்கு அனுப்பப்பட்டது. இயேசு சபையின் தாய்க்கோயிலான ஜெசூவில், வலப்பக்கப் பீடத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. மலாக்காக் குன்றின் மேல் நின்றுகொண்டு, உரோமில் ஒரு கோயிலுக்குள் நுழைந்து நேராகப் போய் வலப்பக்கம் பாருங்கள் என்று அவர்கள் மொழியிலேயே நான் வழி சொல்வேன். உரோம்காரர்கள் சிலர் அந்தக் கோயிலுக்கு முன்னால் எத்தனையோ முறை பேருந்து பிடித்திருக்கிறார்கள், உள்ளே போனதில்லை. ஊருக்குத் திரும்பி, போய்ப் பார்த்தோம் என்று படம் அனுப்பியவர்கள் உண்டு. வழி சொன்னதற்கு அதைவிட நல்ல கூலி கிடையாது.

இன்னொரு கேள்வி என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடும். “தோவே லா ஸ்தாத்சியோனே?” இரயில் நிலையம் எங்கே? ஐரோப்பியருக்கு நகரம் என்றால் நடுவில் நிலையம் இருக்க வேண்டும். மலாக்கா நகரத்தில் இல்லை. மிக அருகில் உள்ளது வடக்கே, தம்பினை ஒட்டிய பூலாவ் செபாங்கில். பேருந்திலோ வாடகைக் காரிலோதான் போக வேண்டும். அவ்வளவோடு விடை முடிந்துவிடும். ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா வரை தண்டவாளம் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அதைப் பெயர்த்துச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. தண்டவாளம் மட்டும் போகவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். காடு, காலரா, மலேரியா, பட்டினி. திரும்பி வராதவர்களின் பெயரைக்கூட யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. சயாம் மரண இரயில் என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். நிலையம் எங்கே என்று கேட்டவருக்கு நான் இதைச் சுருக்கமாகச் சொல்வேன். அவர் நாட்டிலும் போரில் பெயர்ந்தவை நிறைய. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து நிற்பார். பேருந்துக்கு நேரமாகிறது என்றாலும் இந்த விடையை நான் குறைக்க மாட்டேன்.

ரப்பர் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களைத் தோட்டப் பக்கம் கூட்டிப்போவேன். மிலானில் 1872இல் தொடங்கிய பிரெல்லி டயர் நிறுவனத்தின் பெயர் தெரியாத இத்தாலியர் இல்லை. அந்த டயருக்குரிய ரப்பர்ப் பால் எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்ப் பயிர் 1896இல் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், தான் சாய் யான் நட்டது. பிறகு புக்கிட் அசகான். போகிற வழியெல்லாம் அவர்கள் பார்ப்பது செம்பனை. பிஸ்கட் பொட்டலத்தில் ‘செம்பனை எண்ணெய் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிற நாட்டிலிருந்து வருகிறவர்கள் அவர்கள், முகம் சுருங்கும். நான் வாதாடுவதில்லை. காடு அழிந்தது உண்மை. குலை வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் எங்களுடையவை என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்வேன்.

தோட்டத்துக்குள் கைப்பேசி வரைபடம் வெறும் பச்சையாகக் கிடக்கும். கோயிலடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம்தான் வழி கேட்க வேண்டும். “பழைய ஸ்டோர் இருந்துச்சே, அதுக்கு அந்தாண்ட, மேட்டு லயம் இருந்த எடத்துல திரும்பு தாயி” என்பார். ஸ்டோரும் இல்லை, லயமும் இல்லை. இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. வந்தவர்கள் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். இல்லாத கட்டடங்களை வைத்து வழி சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், தங்கள் ஊரில் பூகம்பத்துக்குப் பிறகு தாத்தா பாட்டிகள் இப்படித்தான் வழி சொல்வார்கள் என்று ஒரு தம்பதி சொன்னார்கள். பாட்டியிடம் அதைத் தமிழில் சொன்னேன். “அவுகளுக்கும் அப்படியா?” என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய வயதுக்காரர்கள் வந்தால் சந்தோகானைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். நாவலாசிரியர் எமிலியோ சல்காரி இந்தப் பக்கமே வராமல் எழுதிய ‘மலேசியாவின் புலி’ அவன். 1976இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவனாக நம் கபீர் பேடி நடித்தார். அவனுடைய மோம்பிரசெம் தீவு எங்கே என்பார்கள். கதைப்படி அது போர்னியோக் கடற்பக்கம், கிழக்கே காட்டுவேன். காட்டும்போது சுட்டுவிரலை நீட்டுவதில்லை. மலாய்க்காரர் வழக்கப்படி விரல்களை மடக்கி வலக்கைப் பெருவிரலால் காட்டுவேன். கையாலேயே பாதிப் பேச்சைப் பேசுகிற இத்தாலியர் அதை உடனே கவனித்துத் தாங்களும் அப்படிக் காட்டப் பழகிவிடுவார்கள்.

குழுவிலிருந்து யாராவது பிரிந்து போவதும் நடக்கும். தொலைபேசி வரும். “தோவே சோனோ?” நான் எங்கே இருக்கிறேன் என்றும் அது பொருள்படும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் பொருள்படும். குரலில் பதற்றம் இருக்கும்போது எது என்று ஆராய்ந்து பயன் இல்லை. அப்பாவின் கேள்வியைத்தான் நான் கேட்பேன். “கே கோசா வேதே?” என்ன தெரிகிறது கண்ணுக்கு? சிவப்பு விளக்குகள், பச்சைக் கூரை, வாசலில் ஊதுபத்தி விற்கும் அம்மா என்று சொல்லச் சொல்ல, செங் ஹூன் தெங் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். தாம் பார்ப்பதைச் சொல்லத் தொடங்கியதுமே அவருடைய மூச்சு சீராகிவிடுகிறது. ஆறு எந்தக் கைப்பக்கம் என்று அடுத்துக் கேட்பேன். அதற்குப் பிறகு இரண்டு திருப்பம் போதும்.

இப்போது மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கால் பக்கத்து இளையவர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கையில் இருக்கிறது, நான்காவதாக இத்தாலியம் வேண்டும் என்கிறார்கள். இலக்கணப் புத்தகத்தை முதல் மாதம் திறக்க விடுவதில்லை. மணிக்கூண்டுக்குக் கீழே கூட்டிப்போய் நிறுத்தி, வழி கேட்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ அதே பக்கம் திரும்பி நிற்கச் சொல்வேன். எதிரே நின்று வலம் இடம் சொன்னால் அவருக்குத் தலைகீழாகிவிடும். பிறகு இருவரில் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்; மற்றவரை வாய்ச்சொல்லால் மட்டும் விநாயகர் கோயில் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். “கையைக் காட்டினா ஈசியாச்சே அக்கா” என்பார்கள். தொலைபேசியில் கூப்பிடுபவருக்கு உன் கை தெரியாது தம்பி என்பேன். பாலத்தைத் தாண்டும் வரை பேச்சு சரளமாக வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரு மூன்றாகப் பிரியும் இடத்தில்தான் வாய் நிற்கும். அங்கே நின்று, எந்தத் தெருவில் என்ன தெரிகிறது என்று இத்தாலிய மொழியில் சொல்லிப் பழகுகிறோம். சனிக்கிழமை காலையில், ஜோங்கர் சந்தைக்குக் கூட்டம் சேருவதற்கு முன்னால்.